பாலம் வரை சொந்த முதுகில்

ஜூன் பிறந்ததும் லினார்த் கூட்டுறவுக் கடைக்குப் போய் இருபத்தைந்து கிலோ மாட்டு உப்பு ஒரு மூட்டை வாங்கி வருவான். எங்களிடம் மாடு கிடையாது. கல்யாணமான முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு கன்றுக்குட்டி கூட இருந்ததில்லை. அந்த மூட்டையை முதுகுப்பையில் திணித்துக்கொண்டு, பேருந்து வேலைக்குப் போவதற்கு முன்னால் ஊருக்கு மேலே மேய்ச்சல் பாதையில் ஏறுவான். முதல் தடுப்பு வேலி வரை போய், அதே மூட்டையோடு திரும்பி இறங்குவான். குடலை எடுத்த பிறகு ஒரு நல்ல மலையாடு ஏறக்குறைய அந்த எடைதான் இருக்கும்.

செப்டம்பரில் வேட்டை நடக்கும் மூன்று வாரம் எங்கள் பள்ளத்தாக்கே மலைமேல் இருக்கும். அந்த நாட்களில் பல் வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், பல் டாக்டரும் துப்பாக்கியோடு மேலேதான் உட்கார்ந்திருப்பார். வேட்டைச் சீட்டு வாங்கியவன் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் வண்டியில் போகக் கூடாது. நடந்துதான் ஏற வேண்டும், சுட்டதைச் சுமந்துதான் இறங்க வேண்டும். எட்டு மாதம் உட்கார்ந்தே இருந்த ஆண்கள் எல்லாம் ஜூனில் திடீரென்று தங்கள் வயிற்றைக் கண்டுபிடிப்பார்கள். என் புருஷனும் அவர்களில் ஒருவன்.

லினார்த்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. முப்பத்தாறு வருஷமாக மஞ்சள் பேருந்து ஓட்டுகிறான். ஒரே சாலை, இருபத்து மூன்று கொண்டை ஊசி வளைவு, ஒரு நாளைக்கு ஆறு தடவை. எந்தக் கிழவிக்கு எந்த நிறுத்தத்தில் படி உயரம், யாருக்கு வளைவில் வயிற்றைப் புரட்டும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். மேற்பார்வையாளர் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கேட்டால், அங்கே ஜன்னல் இல்லை என்றான். வீட்டுக்கு வந்ததும் செருப்பு மாட்டும் பலகையில் பத்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பான். அப்புறம்தான் அவன் வீட்டுக்கு வந்ததாக நான் கணக்கு வைத்துக்கொள்வேன்.

வேட்டையிலும் அவன் சூரன் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் போய் வந்தும் கொம்புகள் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வரிசையைத் தாண்டவில்லை. இருந்தாலும் வருஷம் முழுக்க எதற்கும் ஆசைப்படாத மனுஷன், அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் ஆசைப்படுவான். அதனால் நான் ஒன்றும் சொன்னதில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்பது பொய். நிறையச் சொல்லியிருக்கிறேன். தடுத்ததில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம்தான் எல்லாம் கெட்டது. அவனும், தச்சு வேலை செய்யும் அவன் கூட்டாளி பல்சேரும் முந்தாய் மேட்டில் ஒரு குடிசையைச் சேர்ந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குடிசைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: அவனவன் ஆடு அவனவன் முதுகில் பாலம் வரை. போன வருஷம் லினார்த் ஒரு கிடாவைச் சுட்டான். பாதி வழியில் முழங்கால் மடங்கிவிட்டது, மூச்சும் வரவில்லை. பல்சேர்தான் மிச்ச தூரம் சுமந்தான். நவம்பரில் ஆஸ்பத்திரியில் லினார்த்துக்கு இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பல்சேர் கெட்டவன் இல்லை, ஆனால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. சாப்பாட்டு விடுதியில் பத்துப் பேர் நடுவில் சொன்னான்:

"லினார்த்து, அடுத்த வருஷம் துப்பாக்கிய வீட்லயே வச்சிட்டு கேமராவ எடுத்துட்டு வா. போட்டோவுக்கு எடை கெடையாது பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். லினார்த்தும் சிரித்தான். பிறகு கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"அடுத்த வருஷம் என் ஆடு என் முதுகுலதான் பாலத்துக்கு வரும். வரலைன்னா என் சீட்ட பாலத்துலயே குடுத்துட்டு வேட்டைய விட்டுர்றேன். ஒரேயடியா."

எங்கள் ஊரில் பத்துப் பேர் முன்னால் சொன்னது பத்திரத்தில் எழுதின மாதிரி. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

டாக்டர் நடக்கலாம் என்றார், சுமக்கலாம் என்று சொல்லவில்லை, சுமக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. டாக்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள். "தனியா மட்டும் அனுப்பாதீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்படித்தான் ஐம்பத்தேழு வயதில் நானும் காலை நாலரை மணிக்கு எழுந்து அவன் பின்னால் மலை ஏற ஆரம்பித்தேன். எனக்கு வேட்டையில் ஒரு துளி விருப்பம் கிடையாது. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்க மனுஷர்களைத் தூக்கி உட்கார வைப்பதும் படுக்க வைப்பதும்தான் என் பிழைப்பு. அதற்கு முன்னால் இது வேறு.

எதிர்வீட்டு கத்ரீனா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் காத்திருப்பாள்.

"ஆய்தா, எந்த மாட்டுக்கு இந்த உப்பு? போற மூட்டை அப்படியே திரும்பி வருதே!"

"அந்த மாடேதான் தூக்கிட்டுப் போகுது, தெரியலையா உனக்கு?"

லினார்த் எதுவும் பேசமாட்டான். பேசினால் மூச்சு வாங்கும். அவன் முதுகில் வியர்வை உப்புப் பூத்து வெள்ளையாகக் காய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நான் ஏறுவேன். முதலில் என் பையில் தண்ணீரும் அவன் மாத்திரையும் மட்டும் இருந்தன. அவன் வேகத்துக்கு நடப்பது எனக்கு அலுப்பாக இருந்தது. எடை இருந்தால் நானும் மெதுவாக நடப்பேன் என்று இரண்டு பாட்டில் கூடுதலாகப் போட்டேன். ஜூலையில் விறகுத் துண்டுகள் போட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படி என்ன இருக்கிறது?

ஆகஸ்டு மாதம் அவன் கொஞ்சம் தேறினான். வேலியைத் தாண்டி ஊற்று வரைக்கும் போனோம். முகத்தில் ரத்தம் ஓடியது. மத்தியானச் சாப்பாட்டில் விசில் அடித்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருநாள் கொட்டகையைப் பெருக்கும்போது அவன் மூட்டையை நகர்த்த வேண்டியிருந்தது. ஒரு கையால் தூக்கினேன், வந்துவிட்டது. தினமும் ஆட்களைத் தூக்குகிற கைக்கு எடை தெரியும். அவிழ்த்துப் பார்த்தேன். மேலே ஒரு சாண் உப்பு, கீழே பூராவும் வைக்கோல்.

நான் மறுபடி கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கோபம் வந்தது, அழுகையும் வந்தது, கத்தலாம் போலவும் இருந்தது. ஆனால் மனுஷன் அன்றும் விசில் அடித்திருந்தான். யாரை ஏமாற்றுகிறான் என்று யோசித்தேன். என்னை இல்லை, பல்சேரை இல்லை. அவனாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் சொல்லவில்லை. செப்டம்பர் வந்துவிட்டது.

குடிசைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். "சமையலுக்கு ஆள் வந்தாச்சு" என்றான் பல்சேர். "நான் சமைக்க வரல, இவன் விழுந்தா தூக்க வந்திருக்கேன்" என்றேன். ஆனாலும் வாற்கோதுமை சூப்பை நான்தான் வைத்தேன்.

முதல் மூன்று நாள் மூடுபனி. நாலாவது நாள் விடிந்தபோது வானம் சுத்தமாக இருந்தது. பல்சேர் மேற்குப் பக்கம் முகட்டைத் தாண்டிப் போனான். "மத்தியானம் பாலத்துல பாப்போம், ரொட்டி தீந்துபோச்சு, வாங்க எறங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். வனக் காவலர் ஆர்மோன் தினமும் மத்தியானம் பாலத்தில் நின்று, கீழே வரும் ஒவ்வொரு ஆட்டையும் சோதித்து எழுதிக்கொள்வார். அவர் ஊர்ப்பையன்தான், லினார்த்தின் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவர். ஆனால் அந்தச் சீருடை போட்டுவிட்டால் அண்ணன் தம்பி கிடையாது.

நாங்கள் இருவரும் கிழக்குச் சரிவில் ஏறினோம். அவன் நடை எனக்குப் பிடிக்கவில்லை. இருபது அடிக்கு ஒருமுறை நின்று, பைனாகுலரில் பார்க்கிற மாதிரி பாவனை செய்து, மூச்சு வாங்கிக்கொண்டான். பெரிய ஆடுகள் மேலே பாறை இடுக்கில் நின்றன. அங்கே போக இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். அவன் மேலே பார்த்தான், தன் முழங்காலைப் பார்த்தான். அப்போதுதான் கீழே, பாதைக்குப் பக்கத்திலேயே, ஒரு பெண்ணாடு தனியாகப் புதரோரம் மேய்வதைக் கண்டோம். நூற்றைம்பது மீட்டர் கூட இருக்காது. அங்கிருந்து பாலத்துக்குப் பாதை நேராக இறங்குகிறது.

பெண்ணாட்டைச் சுடலாம். பால் கொடுக்கிற தாயைச் சுடக் கூடாது. மடியைப் பார்க்க வேண்டும். மடி தெரியாவிட்டால் குட்டி வருகிறதா என்று அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் இது தெரியும். லினார்த் முப்பது வருஷமாகக் காத்திருந்தவன். சந்தேகம் வந்தால் சுடாமல் வந்துவிடுவான், அதனால்தான் சுவரில் ஒரே வரிசை. அன்று அவன் படுத்துத் துப்பாக்கியைப் பையின் மேல் வைத்தபோது, ஆட்டைப் பார்த்தான், பிறகு பாதையைப் பார்த்தான், பாதை இறங்கும் தூரத்தைப் பார்த்தான். ஆடு புதருக்குப் பக்கவாட்டில் நின்றது, பின்னங்கால் புல்லில் மறைந்திருந்தது. ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. சுட்டுவிட்டான்.

ஆடு அப்படியே உட்கார்ந்து சாய்ந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "ஆய்தா, இது இருபது கிலோ கூட வராது. கொண்டுபோயிடுவேன்" என்றான்.

நாங்கள் கிட்டே போவதற்குள் புதருக்குப் பின்னாலிருந்து குட்டி வந்தது. ஓடவில்லை. தாயை முகர்ந்துவிட்டு எங்களைப் பார்த்துக் கத்தியது. லினார்த் குனிந்து மடியை அழுத்தினான். பால் வந்து அவன் விரலில் வழிந்தது. அவன் அந்தக் கையைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நான்தான் முதலில் பேசினேன். நான் பேசியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

"யாரும் பாக்கல லினார்த். பள்ளத்துல தள்ளிட்டா ரெண்டு நாள்ல காக்கா முடிச்சிரும்."

"நான் பாத்தேனே" என்றான்.

அவன் ஆட்டின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தான். மலை ரோஜாச் செடியில் ஒரு கிளையை ஒடித்து, வேட்டைக்காரர் வழக்கப்படி அதன் வாயில் கடைசிக் கவளமாக வைத்தான். தவறாகச் சுட்டதற்கு வைப்பார்களா என்று எனக்குத் தெரியாது, அவன் வைத்தான். சுட்டவன் பெருமையாகத் தொப்பியில் வைத்துக்கொள்ளும் கிளையை மட்டும் அவன் செருகிக்கொள்ளவில்லை. நாலு காலையும் கட்டி அவன் முதுகில் ஏற்றிவிட்டேன். குட்டி ஒரு பாறைமேல் நின்று நாங்கள் வளைவில் மறையும் வரை கத்திக்கொண்டிருந்தது.

இறக்கம் ஏற்றத்தை விடக் கொடுமை. எடை முழங்காலில் உட்காரும். ஆட்டின் தலை ஒவ்வொரு அடிக்கும் அவன் தோளில் இடித்தது. முதல் கால் மணி நேரம் போனான். பிறகு நின்றான். மறுபடி போனான். இரண்டாவது தடவை நின்றபோது உதடு நீலமாக இருந்தது. மாத்திரையைக் கொடுத்தேன். மூன்றாவது தடவை அவன் நிற்கவில்லை, உட்கார்ந்துவிட்டான், ஒற்றைப் பைன் மரத்தடியில், ஆட்டோடு சேர்ந்து.

"ஆய்தா, அந்த மூட்டையில பாதிக்கு மேல வைக்கோல்."

"தெரியும்."

"எப்பத்திலேருந்து?"

"ஆகஸ்டுலேருந்து."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். இவ்வளவு லேட்டா சொல்லுவேன்னு நெனக்கல."

அவன் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. நான் கயிற்றை அவிழ்த்து, ஆட்டை என் முதுகில் போட்டுக் கட்டிக்கொண்டேன். அவன் வேண்டாம் என்று சொல்லக் கையைத் தூக்கினான், கை பாதியிலேயே இறங்கிவிட்டது. துப்பாக்கியையும் இரண்டு பையையும் அவன் எடுத்துக்கொண்டான். நான் நடந்தேன். கனமாகத்தான் இருந்தது, ஆனால் கால் தடுமாறவில்லை. கோடை முழுவதும் இவனுக்குக் காவல் போகிறேன் என்று ஏறி இறங்கினதில் என் உடம்பு தயாராகிவிட்டது போல. எனக்கே அது அன்றுதான் தெரிந்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அலுப்பாக இருந்தது. முப்பத்து நான்கு வருஷத்து அலுப்பும் அந்தக் கயிற்றில் சேர்ந்து தோளை அறுத்தது.

கடைசி வளைவுக்கு வந்தபோது கீழே ஆற்றுச் சத்தம் கேட்டது. பாலத்தில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. லினார்த் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"நில்லு. அதக் குடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன், பாலத்துல ஆள் இருக்கா? பல்சேர் பாக்கணுமா? நான் சுமந்து சாகணும், நீ கடைசி நூறு அடிக்கு மாப்பிள்ளை மாதிரி வரணுமா?"

"தப்பா சுட்டது நான். அத உன் முதுகுல கொண்டுபோய் அவங்க முன்னால எறக்க மாட்டேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இல்லை. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மாற்றிக் கட்டிவிட்டேன். அவன் ஒவ்வொரு அடியாக எண்ணி வைத்து இறங்கினான். நான் கிட்டத்திலேயே போனேன், விழுந்தால் பிடிக்க.

பாலத்தில் பல்சேர் இருந்தான், இன்னும் இரண்டு ஊர்க்காரர்கள் இருந்தார்கள், ஆர்மோன் தன் பலகையோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். பல்சேர் எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

"வந்துட்டாண்டா! சொந்த முதுகுல! லினார்த்து, நான் சொன்னத எல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேண்டா. இன்னிக்கி ஒயின் என்னோடது!"

அவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. மற்ற இருவரும் கை தட்டினார்கள். லினார்த் ஆட்டைக் கற்களின் மேல் இறக்கினான், நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு விஷயத்தை அவனால் மறைக்க முடியாது, ஆர்மோன் மடியைத் தொட்டால் தெரிந்துவிடும். சுமந்த விஷயம் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

"ஆர்மோன், எழுதிக்க" என்றான் லினார்த். "பால் குடுக்குற தாய். நான்தான் சுட்டேன். அஞ்சு நிமிஷம் கூடக் காத்திருக்கல."

பல்சேர் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். ஆர்மோன் குனிந்து மடியை அழுத்திப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், தாளை எடுத்தார். தானாக வந்து சொன்னால் தண்டனை குறைவு, ஆட்டைக் கொடுத்துவிட்டு அபராதம் கட்டினால் முடிந்துவிடும், சீட்டு கையிலேயே இருக்கும். அவர் இடம், நேரம் எல்லாம் கேட்டு எழுதினார். லினார்த் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இன்னொண்ணும் எழுதணும். ஒத்தப் பைன் மரத்துலேருந்து இந்த வளைவு வரைக்கும் ஆய்தாதான் சுமந்தா. நான் சுமக்கல."

"அதெல்லாம் இதுல எழுத எடமில்ல லினார்த்."

"டேய், எவன்டா கேட்டான் உன்ன?" என்றான் பல்சேர். "நான் ஏதோ குடிச்சிட்டுப் பேசினேன். அதப் போய் புடிச்சிக்கிட்டு. கெடக்கட்டும் விடுடா."

"நீ பேசினத விடு. நான் பேசினேனே."

சட்டைப் பையிலிருந்து வேட்டைச் சீட்டை எடுத்தான். வியர்வையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருந்தது. அதைத் தாளோடு சேர்த்து ஆர்மோனிடம் நீட்டினான். ஆர்மோன் வாங்கவில்லை. லினார்த் அதை அவருடைய பலகையின் கிளிப்பில் செருகிவிட்டு, துப்பாக்கியைப் பல்சேரின் கையில் கொடுத்தான். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வளைவில் நான் கேட்ட கேள்விக்காகவும் அழுதேன், இனி அந்த மூன்று வாரமும் அவனுக்கு இல்லையே என்பதற்காகவும் அழுதேன். கோடை முழுக்க இது எப்போது முடியும் என்று நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆர்மோன் மெதுவாகக் கேட்டார்.

"குட்டி?"

"அங்கயே நிக்குது."

"இந்தக் குட்டி தனியா பனிக்காலம் தாங்காது. நான் போய்ச் சுட்டு முடிச்சிட்டு வரணும். எடத்த மட்டும் சொல்லு."

"சொன்னா வெளங்காது. வந்து காட்டுறேன்."

"இந்த நெலமையிலயா? மறுபடியும் மேலயா? உனக்கென்ன பைத்தியமா? நான் தேடிக்கிறேன்."

"நீ தேடுற நேரம் பூரா அது கத்திக்கிட்டுத்தான் இருக்கும்" என்றான் லினார்த்.

அவன் தண்ணீர் குடித்தான். இன்னொரு மாத்திரையை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். முழங்காலை இரண்டு தடவை மடக்கிப் பார்த்தான். போகாதே என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. ஆர்மோன் தன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனுக்காக வேகத்தைக் குறைத்து, முன்னால் ஏறினார். லினார்த் வெறும் முதுகோடு அவர் பின்னால் ஏறினான். நான் தண்ணீர்ப் பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன்.